காயம்பட்ட உயிர்களைப் பராமரிக்கும் இருவருக்கு உதவி தேவை

வேலூர் நண்பர்களுக்கு வணக்கம். அமிர்தி செல்லும் வழியில் உள்ள சிற்றூர் ஒன்றில், வனத்துறையின் அனுமதியுடன் அடிபட்ட பறவைகளையும் சிறு விலங்குகளையும் பராமரித்து, குணமானதும் ஜவ்வாது மலைக்காட்டில் விடுவதற்காகத் துறையிடமே ஒப்படைத்து வரும் என் அத்தையும் மாமாவும் இப்போது மிகவும் களைத்திருக்கிறார்கள். கூகைக் குஞ்சுகளுக்கு எலும்போடு கூடிய இறைச்சியை நறுக்கி இரவில் பலமுறை ஊட்ட வேண்டியிருப்பதால், மாமா மூன்று வாரமாகச் சரியாக உறங்கவில்லை. மனிதக் குரலுக்குப் பழகிய குஞ்சு காட்டில் பிழைப்பது கடினம் என்பதால் அத்தை அவற்றின் அருகில் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை; அது அவருக்கு எவ்வளவு வருத்தம் தருகிறது என்பதை நேரில் கண்டிருக்கிறேன்.

அக்கினி நட்சத்திர வெயிலில் மயங்கி விழும் பறவைகள் இனிமேல்தான் அதிகம் வரும். எனவே, மாஞ்சா நூலால் சிறகு அறுபட்ட பறவைகளுக்குச் சிகிச்சை அளித்துப் பழகிய கால்நடை மருத்துவர் எவரையேனும் அறிந்திருந்தால் அன்புகூர்ந்து தெரிவியுங்கள். வாரத்தில் ஓர் இரவாவது குஞ்சுகளைக் கவனித்துக்கொள்ள முன்வருவோரும், பழைய பருத்தித் துணிகளும் அட்டைப்பெட்டிகளும் தரக்கூடியவர்களும் எனக்கு எழுதுங்கள். பணம் வேண்டாம் என்று இருவரும் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள்.

காட்டுயிர் எதையேனும் கண்டெடுத்தால் வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி 48 மணி நேரத்துக்குள் வனத்துறைக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். அதுவரை பறவைக்குப் பால் ஊட்டவே வேண்டாம், அதற்குச் செரிக்காது.