இந்த வருடத் தொகுப்புக்கு யோசனை சொல்லுங்கள்

வணக்கம். ஒவ்வொரு டிசம்பரிலும், அந்த வருடம் புதிதாகக் கேட்டு மயங்கிய இசையைச் சிடியில் பதிந்து சித்தப்பாவுக்கும் நண்பர்களுக்கும் கொடுப்பேன். சித்தப்பாவின் பழைய பிளேயரில் ஆடியோ சிடி மட்டும்தான் பாடும். அதில் 80 நிமிடம்தான் கொள்ளும். என்னிடம் 94 நிமிடம் சேர்ந்துவிட்டது, வெட்ட மனமே வரவில்லை.

பெரிய சிக்கல் சத்தம். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்த, நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம் மெலிதாகக் கேட்கிறது. அடுத்து வரும் புதுப் பாடல் காதைப் பிளக்கிறது. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில், சத்தத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் நார்மலைஸ் செய்தேன். அது ஒலியின் உச்சத்தை மட்டும் பார்ப்பதால், தட்டின் கீறல் சத்தமே உச்சமாகி நாதஸ்வரம் ஏறவே இல்லை. முதலில் கீறலை நீக்கிவிட்டு லவுட்னஸ் நார்மலைசேஷன் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தைச் சமன் செய்வது) செய்வதுதான் சரியா? எந்த அளவு வைக்கிறீர்கள்? அப்புறம், தோடியில் தொடங்கலாமா, தோடியில் முடிக்கலாமா?