திரையைப் பார்த்துக் கட்டிய லெகோ டெக்னிக் மாடல்கள்: மறக்க முடியாத ஒன்றைச் சொல்லுங்கள்

அச்சாணி

லெகோவின் 8880-ஆம் எண் பெட்டி பற்றித்தான். 1994-இல் வந்த அந்தக் கறுப்பு சூப்பர் கார். நாலு சக்கரமும் திரும்பும், நாலுக்கும் இழுவை உண்டு, நாலு கியர், வி8 எஞ்சின். இங்கே இருப்பவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். எனக்குப் பெட்டி நிறைய உதிரியாகத்தான் கிடைத்தது, கட்டும் வழிமுறைப் புத்தகம் இல்லை. ரசிகர்கள் யாரோ ஸ்கேன் செய்து ஏற்றிய பிடிஎஃப்பை வைத்துக் கட்ட ஆரம்பித்தேன்.

கியர் பாக்ஸ் வரும் பக்கத்தில் நின்றுபோனேன். பீம் என்கிற ஓட்டைச் சட்டமும் கறுப்பு, அதற்குள் போகிற ஆக்சில் தண்டும் கறுப்பு. ஸ்கேனில் இரண்டும் ஒரே இருட்டு. எந்த ஓட்டையில் போகிறது என்று எவ்வளவு பெரிதாக்கினாலும் தெரியவில்லை. வெளிநாட்டுக் குழு ஒன்றில் கேட்டேன். முன்பின் தெரியாத ஒருவர் தன் புத்தகத்தை ஜன்னலோரம் கொண்டுபோய், வெளிச்சம் சாய்வாக விழுகிற மாதிரி பிடித்து, அந்த ஒரு பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பினார். ஓட்டையின் மேல் அவருடைய விரல். நகத்துக்குக் கீழே கறுப்பு ஆக்சிலின் விளிம்பு பளிச்சென்று தெரிந்தது.

கார் முடிந்ததும் படம் அனுப்பலாம் என்று போனால் அந்தக் கணக்கே இல்லை. அந்த விரல் இன்னும் கண்ணில் நிற்கிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

மொட்டைமாடி கிரேன்

என்னுடையது ஸ்டுடியோவில், அதாவது லெகோ மாடல் வரையும் கம்ப்யூட்டர் மென்பொருளில், நானே வரைந்து கட்டிய கிரேன். திரையில் எல்லாம் கச்சிதம். உதிரி ஒன்றோடொன்று இடிக்கவில்லை, நிறம் கிடைக்குமா என்பது வரை பார்த்தாயிற்று. உதிரி வாங்கி, கட்டி, கொக்கியில் எடையை மாட்டி மோட்டாரைப் போட்டேன்.

மோட்டார் ஓடுகிறது. கொக்கி அசையவில்லை. குனிந்து பார்த்தால் நடுவில் போகிற 12 ஓட்டை நீள ஆக்சில் தன்னைத்தானே முறுக்கிக்கொண்டிருக்கிறது. நேராக ஓட வேண்டிய நாலு விளிம்பும் சுற்றிச் சாய்ந்திருக்கின்றன. ஒரு விநாடி எல்லாம் அப்படியே நின்றது. அப்புறம் ‘டக்’ என்று கியர் பல் தாண்டியது, எடை தரையில் விழுந்தது. திரையில் பிளாஸ்டிக் வளையவே வளையாது. இதை ஏன் எந்த வழிகாட்டியும் முதல் பக்கத்திலேயே சொல்லவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பல்சக்கரம்40

மொட்டைமாடி கிரேன், ஸ்டுடியோவைக் குறை சொல்வது நியாயமில்லை. உதிரி பொருந்துகிறதா என்று பார்க்கத்தான் அது இருக்கிறது. விசைக் கணக்கு போடுவது அதன் வேலை இல்லை. எனக்கும் ஒரு கிணற்றுக் கப்பி மாடலில் ஆக்சில் முறுக்கியது, மாற்றிக் கட்டினேன், சரியாகிவிட்டது.

செய்ய வேண்டியது இது. வேகத்தைக் குறைக்கிற கியரை மோட்டார் பக்கம் வைக்காதீர்கள். கயிறு சுற்றும் உருளைக்குப் பக்கத்தில் வையுங்கள். நீள ஆக்சில் வேகமாகச் சுற்றட்டும், அதன் மேல் விழும் முறுக்கு விசை குறைவாக இருக்கும். 8 பல்லோடு 24 பல் சேர்ந்தால் மூன்றுக்கு ஒன்று. அப்படி இரண்டு ஜோடி போட்டால் ஒன்பதுக்கு ஒன்று. இரண்டு ஜோடியும் உருளைப் பக்கம் இருந்தால் அந்த நீள ஆக்சில் தாங்க வேண்டியது ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்குதான். மனக்கணக்கு வராவிட்டால் இணையத்தில் சாரியல் என்ற டெக்னிக் ரசிகரின் கியர் கணக்குப் பக்கம் இருக்கிறது. கியரைத் தேர்ந்தெடுத்தால் விகிதத்தைச் சொல்லிவிடும்.

அடுத்தது தூரம். ஓட்டைக்கு ஓட்டை 8 மில்லிமீட்டர். 8 பல் கியரின் ஆரம் அரை ஓட்டைத் தூரம், 16-க்கு ஒன்று, 24-க்கு ஒன்றரை, 40-க்கு இரண்டரை. ஆகவே 8-உம் 24-உம் இரண்டு ஓட்டைத் தூரத்தில் சேரும், 8-உம் 40-உம் மூன்றில் சேரும். 16-ஐயும் 24-ஐயும் ஒரே பீமில் நேராகச் சேர்க்க முடியாது, இரண்டரை வரும். பழைய, மேலே குமிழ் வைத்த பீம்களை அடுக்குகிறவர்கள் இரண்டு பீமுக்கு நடுவில் இரண்டு பிளேட் (மெல்லிய தட்டை உதிரி) போடுங்கள். அந்தப் பீமும் செங்கல் உயரம்தான், 9.6. பிளேட் 3.2 வீதம் இரண்டுக்கு 6.4, ஆக மொத்தம் 16 மில்லிமீட்டர், சரியாக இரண்டு ஓட்டை. கடைசியாக, கியர் ஜோடியை இரண்டு பக்கமும் பீம் வைத்துக் கட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் பாரம் ஏறும்போது ஆக்சில்கள் விலகும். பல் தாண்டுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

லேத்பட்டறை

தம்பி பல்சக்கரம், கணக்கு அத்தனையும் சரி. ஆனால் கிரேன்காரர் கேட்டது கணக்கு இல்லையே. பார்க்கும்போது மனசு எப்படி இருந்தது என்றல்லவா எழுதியிருக்கிறார்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் லேத்தில் நின்றவன். பேத்தி டேப்லெட்டில் வழிமுறையைத் திறந்து வைத்துக் கட்டுவாள், நான் உதிரி எடுத்துக் கொடுப்பேன். புத்தகத்தில் ஆக்சிலை அதே அளவில் அச்சடித்திருப்பார்கள், மேலே வைத்துப் பார்த்தால் நீளம் தெரிந்துவிடும். இவளும் அப்படியே ஆக்சிலைத் திரை மேல் வைத்தாள். பொருந்தவில்லை. வேறொன்றை வைத்தாள். அதுவும் இல்லை. பக்கத்தில் எண் போட்டிருக்கிறது, அதைப் பாரும்மா என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஒரு பீமை எடுத்து ஆக்சிலுக்குப் பக்கத்தில் வைத்து ஓட்டைகளை எண்ணினாள். அஞ்சு ஓட்டை, அஞ்சு நீளம். அதன் பிறகு திரையை அவள் நம்பவே இல்லை, பீம்தான் அவளுக்கு ஸ்கேல்.

வேலைக்கு வரும் பையன்களுக்கு அளவெடுக்கச் சொல்லிக்கொடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நீலப்பின்

அச்சாணி சொன்ன கறுப்புப் பிரச்சினை எனக்குப் பின் என்கிற, பீம்களை இணைக்கும் சின்ன ஆணியில் வந்தது. கையில் உள்ள உதிரியை வைத்து எதைக் கட்டலாம் என்று காட்டும் ரீபிரிக்கபிள் தளத்தில் என்னிடம் உள்ள பெட்டிகளைப் பதிந்து வைத்திருந்தேன். ஒரு மண் அள்ளும் வண்டிக்குச் சில உதிரிதான் குறைகிறது என்று காட்டியது. குறைந்தவற்றை ஒரு விற்பனையாளரிடம் எண் போட்டு வாங்கினேன். நான் கேட்டது 2780, அதாவது இறுக்கமாக நிற்கும் கறுப்புப் பின். வந்த பையில் பாதி 3673, வழவழவென்று சுற்றும் சாம்பல் பின். ஓட்டையில் இரண்டும் ஒரே மாதிரிதான் போகும்.

மறுபடி அனுப்புவார் என்று காத்திருக்காமல் இருந்ததைப் போட்டுக் கட்டினேன். வண்டியின் கையைத் தூக்கி நிறுத்திவிட்டு விரலை எடுத்தேன். சத்தமே இல்லாமல் மெதுவாக இறங்கி மேசையில் தலை வைத்தது. ஒரு பின்னின் மேல் இருக்கும் சின்ன வரிகளை நம்பித்தான் அந்தக் கை முழுக்க நிற்கிறது என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

லெகோ உதிரிகளைக் கம்ப்யூட்டர் கோப்பாக வரைந்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தவர் ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன். 1995-இல் எல்டிரா என்ற அந்த மென்பொருளைத் தொடங்கினார், 1997-இல் இறந்துவிட்டார். நாம் இன்று ஸ்டுடியோவில் இழுத்துப் போடும் பின்னும் பீமும் அந்த வழியில் வந்தவைதான். பல்சக்கரம் நண்பர் ஸ்டுடியோவுக்காக வாதாடும்போது அவர் பெயரையும் சொல்லியிருக்கலாம்.

பள்ளிக்கூட லேப்

நான் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கட்டச் சொல்லித்தருகிறவள். பந்து ஓட்டும் இயந்திரத் தொடரின் வீடியோக்களைப் போட்டுக் காட்டினேன். ஒருவர் கட்டிய இயந்திரம் பந்தை வாங்கி அடுத்தவருடையதற்குத் தள்ளும். முன்பின் தெரியாதவர்கள் கட்டியதும் ஒன்றாக ஓட வேண்டும் என்பதால் பொது விதி வைத்திருக்கிறார்கள்: சராசரியாக விநாடிக்கு ஒரு பந்து.

ஒரு பெண்ணுடைய ஏணி வேகம் குறைவு. அவளுக்கு முன்னால் பையன் ஒருவனுடைய சக்கரம், அது வேகம். பந்துகள் அவள் தொட்டியில் குவிந்து விளிம்பைத் தாண்டிக் கொட்ட ஆரம்பித்தன. அவன் தன்னுடையதை நிறுத்தப் போனான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வாய்விட்டு எண்ணினாள். பிறகு 40 பல் கியரைக் கழற்றி 24-ஐ வைக்கப் பார்த்தாள். எட்டவில்லை. ஆக்சிலை ஒரு ஓட்டை உள்ளே நகர்த்தினாள், பிடித்துக்கொண்டது. பந்து ஒழுங்காக ஏறியது. பையன் ஒன்றும் பேசாமல் தரையில் உருண்டவற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

மொட்டைமாடி கிரேன்

லேத்பட்டறை ஐயா, நன்றி. பல்சக்கரம், உங்களுக்கும்தான். உருளைப் பக்கம் வார்ம் (திருகு வடிவ கியர்) போட்டு 24 பல்லோடு சேர்த்துவிட்டேன், 24-க்கு ஒன்று. நிறுத்திய இடத்திலேயே கொக்கி நிற்கிறது, பிரேக்கே வேண்டாம். ஆக்சில் முறுக்கவில்லை. வார்ம் ஆக்சில் மேலேயே நகரப் பார்த்தது, இரண்டு பக்கமும் அடைத்ததும் அடங்கிவிட்டது. இப்போது உராய்வில்தான் விசை போகிறது போலிருக்கிறது, கொஞ்ச நேரம் ஓட்டினால் மோட்டார் சூடாகிறது. வார்ம் இல்லாமல், சாதா கியரோடு ஒரு தடுப்பு நாக்கு வைத்து இதே மாதிரி நிறுத்தியவர்கள் யாராவது இருந்தால் அந்த இடத்தின் படம் ஒன்று போடுங்கள்.