குவாண்டம் பின்னல் பரவுவது ஜோடித் துகள்களாலா? (விவாதம்)

நீலவானம்:
சமநிலை குலைந்த குவாண்டம் அமைப்புகளில் பின்னல் (entanglement: தனித்தனியாக விவரிக்க முடியாதபடி நிலைகள் பிணைந்திருப்பது) எப்படிப் பரவுகிறது என்பது "இன்னும் புரியாத புதிர்" என்று வேறோர் இழையில் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. 2005-லேயே இயற்பியலாளர்கள் கலப்ரேசேயும் கார்டியும் தெளிவான படம் ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள்.

ஒரு ஸ்பின் சங்கிலி, அதாவது வரிசையாக நிற்கும் குட்டிக் குவாண்டம் காந்தங்கள். ஆரம்பத்தில் எந்த ஸ்பின்னுக்கும் பக்கத்து ஸ்பின்னோடு பின்னல் இல்லை. திடீரென்று ஹாமில்டோனியனை, அதாவது அமைப்பின் ஆற்றலையும் இயக்கத்தையும் தீர்மானிக்கும் விதியை, மாற்றுகிறோம். குவென்ச் என்பது இதுதான். புதிய ஹாமில்டோனியனின் கண்ணுக்கு அந்தப் பழைய நிலை ஆற்றல் நிரம்பிய நிலை. அதனால் சங்கிலியின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் குவாசித் துகள்கள் (துகள் போலவே நடந்துகொள்ளும் கிளர்ச்சிகள்) ஜோடி ஜோடியாகக் கிளம்பி, ஒன்று இடப்பக்கமும் ஒன்று வலப்பக்கமும் ஓடுகின்றன. ஜோடிக்குள் பின்னல் உண்டு. சங்கிலியில் ஒரு துண்டைக் குறித்துக்கொண்டு, ஒரு துகள் உள்ளேயும் அதன் துணை வெளியேயும் இருக்கும் ஜோடிகளை எண்ணினால் அந்தத் துண்டின் பின்னல் என்ட்ரோபி (வெளியோடு அது எவ்வளவு பின்னியிருக்கிறது என்பதன் அளவு) கிடைத்துவிடும். அது நேர்கோட்டில் ஏறும்; துண்டின் நீளத்தை வேகத்தின் இரு மடங்கால் வகுத்தால் வரும் நேரத்தில் மட்டமாகிவிடும்.

தொடர்புகள் ஒளிக்கூம்பு போல விரிவதை 2012-ல் ம்யூனிக் குழு குளிர் அணுக்களில் நேரடியாகவே பார்த்தது. துகள்களுக்கிடையே இடைவினை இருந்தாலும், முழுமையாகத் தீர்க்கக்கூடிய மாதிரிகளில் இந்தப் படம் எண்கள் வரைக்கும் பொருந்தும் என்று 2017-ல் ஆல்பாவும் கலப்ரேசேயும் காட்டினார்கள். இதற்கு மேல் புதிர் எங்கே இருக்கிறது?

வெட்டுக்கோடு:
"முழுமையாகத் தீர்க்கக்கூடிய" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். புதிர் அங்கேதான் இருக்கிறது, நண்பரே. அந்த மாதிரிகளில் குவாசித் துகள்கள் சாவதில்லை. மோதினாலும் தம் அடையாளத்தோடு ஓடிக்கொண்டே இருக்கும். பெரும்பாலான அமைப்புகளில் நிலைமை அப்படி இல்லை.

2013-இல் கிம்மும் ஹியூஸும் செய்த கணக்கைப் பாருங்கள். ஐசிங் சங்கிலி (பக்கத்து ஸ்பின்கள் ஒரே ஒரு திசையில் மட்டும் இடைவினை செய்வது); அந்தத் திசைக்குக் குறுக்கான காந்தப் புலத்தோடு நெடுக்குப் புலமும் உண்டு. தீர்க்க முடியாத மாதிரி. நீண்டநாள் வாழும் துகள் எதுவும் இல்லை. அதில் ஆற்றல் விரவல் முறையில் நகர்கிறது, அதாவது நேரத்தின் வர்க்கமூலமாக. பின்னல் என்ட்ரோபியோ நேர்கோட்டில் ஏறுகிறது. ஒரே சங்கிலி, ஒரே நேரம், இரண்டு வேறு வேகம். பின்னலைத் துகள்கள்தான் சுமக்கின்றன என்றால், ஆற்றலையும் சுமக்கும் அதே துகள்கள் ஏன் இங்கே தவழ்ந்து அங்கே ஓட வேண்டும்?

நீலவானம்:
துகள் மோதிச் செத்தாலும் அதிலிருந்து பிறக்கும் துகள்களுக்கு அதன் பின்னல் கைமாறும். ஜோடி மூன்றாகும், நான்காகும். எண்ணுவது கடினமாகும், அவ்வளவுதான். சுமப்பவர்களே இல்லை என்று இதிலிருந்து எப்படிச் சொல்வீர்கள்?

வெட்டுக்கோடு:
சுமப்பவர்கள் இல்லாமலேயே நேர்கோடு வரும் என்பதால்தான். நாஹும், ருஹ்மான், விஜய், ஹா ஆகியோர் 2017-இல் ஆராய்ந்த மாதிரியில் ஹாமில்டோனியனே கிடையாது. பக்கத்துப் பக்கத்து க்யூபிட்களுக்கிடையே (இருநிலைக் குவாண்டம் அலகுகள்) ஒவ்வொரு அடியிலும் தற்செயலாகத் தேர்ந்த ஒரு யூனிட்டரி வாயில் (இரண்டின் நிலையையும் மீளக்கூடியபடி மாற்றும் செயல்), அவ்வளவுதான். ஆற்றல் பாதுகாப்பு இல்லை, துகள் இல்லை, ஓடுவதற்கு எதுவுமே இல்லை. ஆனாலும் என்ட்ரோபி நேர்கோட்டில் ஏறுகிறது.

காரணத்தைப் படமாகவே பார்க்கலாம். வாயில்களையெல்லாம் அடுக்கடுக்காக வரைந்தால் ஒரு வலை மாதிரி இருக்கும். கிடையாக இடம், நெடுக்காக நேரம். மேல் விளிம்பில், சங்கிலியை இரண்டாகப் பிரிக்கும் புள்ளியிலிருந்து தொடங்கி அடி விளிம்பு வரை வலையை அறுக்க வேண்டும். மிகக் குறைந்த இழைகளை அறுத்து இறங்கும் பாதை எதுவோ, அதில் அறுபடும் இழைகளின் எண்ணிக்கைதான் என்ட்ரோபிக்கு மேல் எல்லை. ஒவ்வொரு இழையும் ஒரு பிட். நேரம் இரட்டித்தால் வலையின் ஆழம் இரட்டிக்கும், அறுக்க வேண்டிய இழைகளும் இரட்டிக்கும். நேர்கோடு வந்துவிட்டது. ஆழம் துண்டின் நீளத்தைத் தாண்டினால் கீழே இறங்குவதைவிடக் குறுக்கே அறுத்துப் போவது மலிவு; என்ட்ரோபி மட்டமாகிறது. உங்கள் வரைபடம் அப்படியே வருகிறது, ஒரு துகள்கூட இல்லாமல்.

நேர்கோட்டின் மேல் ஏறும் சிறு நடுக்கங்கள் நேரத்தின் மூன்றில் ஒரு பங்கு அடுக்காக வளர்கின்றன. வளரும் பரப்புகளை விவரிக்கும் கார்டார்–பாரிசி–ஜாங் சமன்பாட்டின் அடையாளம் அது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த முடிவு இதுதான். ஜோடித் துகள் படத்திலிருந்து இதை எடுக்கவே முடியாது.

புதுவாசகி:
இடையில் ஒரு கேள்வி, அண்ணா. பின்னல் "ஓடுகிறது" என்றால் தகவலும் ஓடுகிறது என்று அர்த்தமா? உடனடித் தொடர்பு ஏதாவது வந்துவிடாதா?

மேட்ரிக்ஸ்காரர்:
வராது. இடைவினை பக்கத்து ஸ்பின்களுக்குள் மட்டுமே என்றால், எந்த விளைவும் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் கசிய முடியாது என்று லீப்–ராபின்சன் 1972-இல் நிறுவிவிட்டார்கள். கூம்புக்கு வெளியே எஞ்சுவது அடுக்குக்குறியாகச் சுருங்கும் வால் மட்டும். அதோடு, ஒரு வெட்டைத் தாண்டிய பின்னல், அந்த வெட்டின் குறுக்கே இருக்கும் இடைவினையால் மட்டுமே கூட முடியும். அதற்கும் ஒரு நொடிக்கு இவ்வளவுதான் என்று எல்லை உண்டு. ஆகவே நீண்டநாள் ஓட்டத்தில் நேர்கோடுதான் அதிகபட்சம்.

என்னைப் போல இதைக் கணினியில் ஓட்டுகிறவர்களுக்கு இது வெறும் தத்துவ விவாதம் இல்லை. நிலையை அணிகளின் பெருக்கலாக எழுதும்போது, என்ட்ரோபி 10 பிட் என்றால் அணியின் அளவு குறைந்தது 2-இன் 10-ஆம் அடுக்கு, அதாவது 1024. 20 பிட் என்றால் பத்து லட்சத்துக்கு மேல். வேலையோ அளவின் மும்மடியாக ஏறும். நேரத்தை இரட்டித்தால் ஒவ்வோர் அடிக்கும் ஆகும் கணக்கு சுமார் 100 கோடி மடங்கு. நேர்கோடு என்ற ஒரே சொல்தான் எங்கள் கணிப்புகளைச் சீக்கிரமே சுவரில் முட்டவைக்கிறது.

இன்னொன்று. நேர்கோடு அதிகபட்சம் என்பதால், அதைப் பார்த்து "துகள் ஓடுகிறது" என்று முடிவுகட்டுவது சரியில்லை. விளக்கம் தேவைப்படுவது அதைவிட மெதுவாக ஏறும் இடங்களுக்குத்தான்.

நீலவானம்:
சரி, மெதுவாக ஏறும் இடத்துக்கே வாருங்கள். ஒழுங்கின்மை நிறைந்த சங்கிலியில், இடைவினை இல்லாவிட்டால் ஆண்டர்சன் லோக்கலைசேஷன். துகள்கள் நின்ற இடத்தில் முடங்குகின்றன; என்ட்ரோபியும் சிறிது ஏறி நின்றுவிடுகிறது. ஓடுபவர் நின்றால் பின்னலும் நிற்கிறது. இது என் பக்கம் பேசும் சாட்சி.

வெட்டுக்கோடு:
அதே சங்கிலியில் துளி இடைவினை சேருங்கள். 2008-இல் ஷ்னிடாரிச், புரோசென், பிரெலோவ்ஷெக் மூவரும், 2012-இல் பார்டார்சன், போல்மன், மூர் மூவரும் காட்டியது: துகள்களும் ஆற்றலும் முன்போலவே முடங்கித்தான் கிடக்கின்றன, ஆனால் என்ட்ரோபி நிற்கவில்லை. நேரத்தின் மடக்கையாக, மெல்ல மெல்ல ஏறுகிறது.

அது எப்படி என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். முடங்கிய இரண்டு ஸ்பின்களுக்கிடையே இடைவினையின் வலிமை தூரத்தோடு அடுக்குக்குறியாகக் குறைகிறது. அந்த வலிமையைத் தலைகீழாக்கினால் வருவதுதான் அவை இரண்டும் பின்னிக்கொள்ளத் தேவைப்படும் நேரம். எனவே ஒவ்வொரு பத்து மடங்கு நேரத்துக்கும் பின்னல் அதே அளவு தூரம்தான் கூடுதலாகப் போகும்; லோக்கலைசேஷன் நீளத்தைப் (அந்தக் குறைதலின் தூர அளவு) போல ஏறக்குறைய 2.3 மடங்கு. எந்த ஸ்பின்னும் புரளவில்லை, எதுவும் இடம் மாறவில்லை. ஒன்றின் நிலையைப் பொறுத்து மற்றொன்றின் அலைக் கட்டம் (phase) மாறுகிறது, அதுவே போதும். 2019-இல் ஹார்வர்டு குழு குளிர் அணுக்களில் இந்த மெதுவான வளர்ச்சியைப் பார்த்தது.

இந்த லோக்கலைசேஷன் எல்லையற்ற நேரத்துக்கும் நிலைக்குமா என்பது தனிச் சண்டை. ஓரிடத்தில் தற்செயலாக ஒழுங்கின்மை குறைந்த ஒரு திட்டு இருந்தால் அது சுற்றியுள்ளதையெல்லாம் கரைத்துக்கொண்டே போகலாம் என்ற டி ரோக், ஹூவெனீர்ஸ் வாதத்தை (2017) நான் மதிக்கிறேன். ஆனால் நாம் எட்டக்கூடிய நேரத்துக்குள் மடக்கை வளர்ச்சி இருக்கிறது, ஓடுபவர் இல்லை.

நீலவானம்:
ஹார்வர்டு சோதனை என்று சொன்னதால் ஒன்றைக் கேட்கிறேன். ஆய்வகத்தில் அளப்பது எது? 2016-இல் அதே குழு ஆறு ரூபிடியம் அணுக்களை ஆறு இடங்களில் வைத்து, ஒரே நிலையின் இரண்டு பிரதிகளைக் குறுக்கிடவைத்து அளந்தது இரண்டாம் ரென்யி என்ட்ரோபி (பின்னலுக்கான இன்னோர் அளவு; பெரிய கூறுகளுக்கே அதிக எடை தரும்). 2019-இல் இன்ஸ்புரூக்கில் அயனிகளில் தற்செயல் அளவீடுகளால் 10 க்யூபிட் துண்டு வரை அளந்ததும் அதேதான். நீங்கள் "நேர்கோடு" என்பது வழக்கமான பின்னல் என்ட்ரோபியான வான் நியூமன் என்ட்ரோபிக்கு.

பாதுகாக்கப்படும் அளவு ஒன்று விரவல் முறையில் நகரும் அமைப்புகளில், இரண்டாம் ரென்யி நேர்கோட்டில் ஏறுவதில்லை. நேரத்தின் வர்க்கமூலமாகத்தான் ஏறும் என்று ரகோவ்ஸ்கி, போல்மன், வான் கெய்சர்லிங்க் 2019-இல் காட்டினார்கள். அப்படியானால் "ஆற்றல் தவழ்கிறது, பின்னல் ஓடுகிறது" என்று நீங்கள் பிரித்துக் காட்டிய பிரிவு, அளக்கக்கூடிய அளவில் இல்லையே. சுமக்கப்படுவது எதுவோ, அதன் வேகம் பின்னலைக் கட்டிப்போடுகிறது.

மேட்ரிக்ஸ்காரர்:
இது நல்ல அடி. ஆனால் வர்க்கமூலம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் வேறு கதை தெரியும். மொத்த ஸ்பின் பாதுகாக்கப்படும் சங்கிலி என்று வைத்துக்கொள்வோம். ஆரம்ப நிலையின் அலைச்சார்பில், வெட்டைச் சுற்றி ஒரு பகுதி முழுக்கக் கீழ்நோக்கிய ஸ்பின்களாகவே இருக்கும் ஒரு சிறிய கூறும் உண்டு. அந்தப் பகுதிக்குள் புரட்டிப்போட எதிர்ஸ்பின் இல்லை. எனவே வெட்டின் வழியே பின்னல் உண்டாகாது. வெளியிலிருந்து மேல்நோக்கிய ஸ்பின் விரவி உள்ளே வரும்வரை அது தாங்கும். ஆகவே ஒரு குறிப்பிட்ட நேரம் தாங்க, பகுதியின் நீளம் அந்த நேரத்தின் வர்க்கமூலம் அளவு இருந்தால் போதும். அப்படிப்பட்ட கூறின் எடை மிகச் சிறிது. ஆனால் இரண்டாம் ரென்யி மிகப் பெரிய ஷ்மிட் எண்ணைத்தான் (நிலையை வெட்டின் இருபுறமாகப் பிரித்தெழுதும்போது ஒவ்வொரு கூறுக்கும் வரும் எடை) தூக்கிப் பிடிக்கும். மற்றவையெல்லாம் வேகமாக நசுங்கும்போது இந்த ஒன்று மட்டும் பெரிதாகத் தெரியும். வான் நியூமன் எல்லாவற்றையும் எடைபோட்டுச் சராசரி பார்ப்பதால் இதைக் கண்டுகொள்வதில்லை.

ஆக வர்க்கமூலத்தைக் கொண்டுவருவது துகள் சுமப்பது அல்ல, பின்னலே நிகழாத ஓர் அபூர்வ வரலாறு. சோதனைக்காரர்கள் மனத்தில் வைக்க வேண்டியது என்பதில் மட்டும் நீலவானம் சொல்வதோடு உடன்படுகிறேன்.

வெட்டுக்கோடு:
இப்படியே போனால் ஆளுக்கொரு வரைபடத்தைக் காட்டிக்கொண்டிருப்போம். இரண்டு படமும் வேறுவேறு விடை சொல்லும் கேள்வி ஒன்று இருக்கிறது. சங்கிலியில் தள்ளித் தள்ளி இரண்டு துண்டுகள்: அ, ஆ. ஒவ்வொன்றும் 10 இடம், நடுவே 20 இடம். இரண்டுக்குமிடையே பரஸ்பரத் தகவல் (ஒன்று மற்றொன்றைப் பற்றி எவ்வளவு சொல்கிறது என்பது) நேரத்தோடு எப்படி மாறுகிறது?

ஜோடிப் படத்தில், ஒரு துகள் அ-வுக்குள்ளும் துணை ஆ-வுக்குள்ளும் இருக்கும் ஜோடிகளை எண்ண வேண்டும். வேகம் 1 என்றால் ஜோடிகளின் இடைவெளி நேரத்தின் இரு மடங்கு. அது 20-ஐத் தொடும் நேரம் 10-இல் தகவல் எழும், 15-இல் உச்சம், 20-இல் மறைந்துவிடும். வலை அறுக்கும் படத்தில் நடுவிடைவெளி துண்டைவிடப் பெரிதாக இருப்பதால், அ-வையும் ஆ-வையும் சேர்த்து அறுக்கும் மலிவான வழி எப்போதும் கிடையாது. தகவல் தொடக்கம் முதல் முடிவு வரை பூஜ்யம். மேடு வருகிறதா, வரவில்லையா? துகள் உண்டா இல்லையா என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

நீலவானம்:
இந்தச் சோதனையை ஏற்கிறேன். ஆனால் "உண்டா இல்லையா" என்று கேட்காதீர்கள். தீர்க்கக்கூடிய மாதிரியிலிருந்து கொஞ்சம் விலகினால் துகள்களுக்கு நீண்ட ஆயுள் இருக்கும். மேடு வரும், ஆனால் துண்டுகளைத் தள்ளித் தள்ளி வைக்க அதன் உயரம் குறையும். எவ்வளவு வேகமாகக் குறைகிறதோ அதுதான் சுமப்பவரின் ஆயுள். உங்கள் பூஜ்யம் அந்த ஆயுள் மிகச் சிறிதாகும் எல்லை மட்டுமே.

மேட்ரிக்ஸ்காரர்:
அப்படியானால் ஓட்டிப் பார்க்கலாம். 10, 20 என்ற அளவு வேண்டாம். நேரம் 15-க்கு வருவதற்குள் என் அணிகள் வெடித்துவிடும். துண்டு 3 இடம், இடைவெளி 6, இரு ஓரமும் 6: மொத்தம் 24 ஸ்பின். அலைச்சார்பில் ஒரு கோடியே 67 லட்சத்துச் சொச்சம் எண்கள். கால் ஜிபி நினைவகம் போதும், தோராயமே இல்லாமல் ஓட்டலாம். வேகம் 1 ஆகும்படி நேரத்தை அளந்தால் மேடு 4.5 வாக்கில் உச்சம் தொட வேண்டும். எல்லாத் துகளும் ஒரே வேகத்தில் ஓடாது, அதனால் மேடு கொஞ்சம் பரந்து வழியும். ரென்யி வேண்டாம்; அதில் பரஸ்பரத் தகவல் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகலாம். வான் நியூமனையே எடுக்கிறேன்.

கிம்–ஹியூஸ் சங்கிலியையே வைத்துக்கொள்வோம்: குறுக்குப் புலம் 0.9045. நெடுக்குப் புலத்தை 0, 0.1, 0.4, 0.809 என்று ஏற்றுகிறேன். ஆரம்ப நிலை மட்டும் நீங்கள் இருவரும் ஒத்துக்கொண்டு சொல்லுங்கள்.

நீலவானம்:
எல்லா ஸ்பின்னும் இசட் திசையில், மேல்நோக்கி.

வெட்டுக்கோடு:
அது வேண்டாம். குறுக்குப் புலம் 1-க்குக் கீழே இருக்கும்போது சிறிய நெடுக்குப் புலம் சேர்த்தால், அந்த நிலையிலிருந்து பிறக்கும் துகள்கள் ஒன்றையொன்று கட்டி இழுத்து முடங்கும். கோர்மோஸ் குழு 2017-இல் காட்டிய சிறைப்படல் அது. 0.1-இல் மேடு குறைந்தால், துகள் செத்ததாலா, கட்டுண்டதாலா என்று பிரிக்க முடியாது. ஒய் திசை எடுங்கள். பான்யுல்ஸ், சிராக், ஹேஸ்டிங்ஸ் 2011-இல் இதே வகைச் சங்கிலியில் ஒய் திசை நிலை நன்றாக வெப்பமாவதைக் காட்டியிருக்கிறார்கள்.

நீலவானம்:
ஒய் திசை சரி. ஆனால் இடைவெளி 6-க்கு மட்டும் போதாது. 4-க்கும் 5-க்கும் ஓட்டுங்கள். உயரம் எப்படிக் குறைகிறது என்று பார்க்க மூன்று புள்ளியாவது வேண்டும்.