விண்டோஸ் 10-லிருந்து லினக்ஸுக்கு மாறலாமா? பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் நிறைய இருக்கின்றன

மலைக்காப்பி (ஏற்காடு):

வணக்கம். ஏற்காட்டில் ஒரு சின்னக் காப்பித் தோட்டத்தில் பதினொரு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். செக்ரோல் (ஆட்களின் வருகை, கூலிக் கணக்கு), மிளகு விற்ற கணக்கு, கடிதங்கள், விருந்தினர் அறை இரண்டு உண்டு அதன் பில், எல்லாமே ஒரே லேப்டாப்பில்தான். 2015-இல் வாங்கியது, ஐ3 ஐந்தாம் தலைமுறை, 4 ஜிபி ராம், பழைய ஹார்டு டிஸ்க். திறந்து வைத்துவிட்டு டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு மெதுவு.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. சேலத்துக்கு இறங்கியபோது ஒரு கடையில் காட்டினேன். விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறை பிராசசரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும், இதில் ஏறாது, புதிதாக வாங்கிவிடுங்கள் என்றார்கள். பறிப்பு நேரம், ஆட்களுக்குக் கூலி கொடுக்கவே காசு இழுத்துப் பிடிக்கிற மாதத்தில் முதலாளியிடம் புது லேப்டாப் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடு என்று தம்பி சொல்கிறான். நான் தமிழ்த் தட்டச்சு ஹையர் முடித்தவள், பாமினியில்தான் அடித்துப் பழக்கம். அந்தக் கோப்புகள் லினக்ஸில் திறக்குமா? எக்ஸெல் செக்ரோல் உடையாமல் வருமா? பிடிக்காவிட்டால் பழையபடி திரும்ப முடியுமா? இங்கே இணையம் என்றால் மொபைல் டேட்டா மட்டும்தான், மழை பிடித்தால் அதுவும் போய்விடும். தெரிந்தவர்கள் நிதானமாகச் சொல்லுங்கள்.

அச்சுமை (செவ்வாய்ப்பேட்டை):

அம்மா, உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நான் அடிபட்டவன். அச்சகத்தில் இருபது வருடத்துக் கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் பாமினியிலும் வேறு பழைய எழுத்துருக்களிலும் கிடந்தன.

பாமினி யூனிகோட் இல்லை, அதாவது எல்லாக் கருவியும் தமிழைத் தமிழாகவே படிக்கும் பொதுக் குறியீடு இல்லை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், எழுத்துரு அதன்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. அதனால் பாமினி எழுத்துருக் கோப்பை எடுத்துப்போய் லினக்ஸில் இரட்டைச் சொடுக்கு கொடுத்து நிறுவிவிட்டால் பழைய கோப்பு அப்படியே தமிழில் தெரியும், அச்சும் வரும். பயப்பட வேண்டாம். ஆனால் தேட முடியாது, வாட்ஸ்அப்பில் ஒட்டினால் குப்பையாக வரும், இதெல்லாம் இப்போதும் உங்களுக்கு இருக்கிற தொல்லைதான்.

எனவே முக்கியமானவற்றை மட்டும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், அதையும் விண்டோஸ் இருக்கும்போதே செய்யுங்கள். என்எச்எம் கன்வர்ட்டர் இலவசம், ஆனால் விண்டோஸுக்கானது. ஒன்றை மறக்காதீர்கள்: கோப்பில் நடுநடுவே ஆங்கிலம் இருந்தால் மாற்றி அதையும் தமிழ் என்று நினைத்து உருத்தெரியாமல் ஆக்கிவிடும். நான் ஒரு முழு விலைப்பட்டியலை அப்படிக் கெடுத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்து திருத்தினேன். தமிழ்ப் பத்திகளை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள், மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

தட்டச்சுக்கு லினக்ஸில் ஐபஸ் என்று ஒரு உள்ளீட்டு மென்பொருள், அதோடு எம்17என் என்ற தொகுப்பைச் சேர்த்தால் தமிழ் 99, ஒலியியல், தட்டச்சு வரிசை மூன்றும் கிடைக்கும். தட்டச்சு வரிசையைத் தேர்ந்தெடுங்கள். ய ள ன க என்று இன்ஸ்டிட்யூட்டில் உட்கார்ந்து அடித்தீர்களே, அதே நடுவரிசைதான். ஓரத்து எழுத்துகள் சில இடம் மாறியிருக்கலாம், ஒரு வாரத்தில் விரல் பழகிவிடும்.

அஸ்தம்பட்டி_ஆசிரியர்:

அக்கா, நான் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது, சென்னையில் உள்ள சி-டாக் என்ற அரசு கணினி ஆய்வு நிறுவனம் செய்தது. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை, அதுதான் காரணம். அதனால்தான் யாராவது கேட்டால் நீளமாக எழுதிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எதையும் அழிக்காமலே பார்த்துவிடலாம். லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஒரு 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பைத் துவக்குங்கள். உங்கள் டிஸ்கில் ஒரு எழுத்துகூட மாறாது. வைஃபை, சத்தம், பிரின்டர், மூடித் திறந்தால் விழிக்கிறதா, எல்லாம் சோதித்துவிட்டு பென் டிரைவைப் பிடுங்கினால் பழைய விண்டோஸ் வந்து நிற்கும். பென் டிரைவில் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். வைஃபை தெரியாவிட்டால் போனை யுஎஸ்பி வயரில் செருகி டெதரிங் (போனின் இணையத்தைப் பகிர்வது) போடுங்கள், இணையம் வந்துவிடும், அப்புறம் டிரைவர் மேனேஜரில் வைஃபை டிரைவரைத் தேடிக்கொள்ளலாம். பிரின்டர் எச்பி என்றால் பெரும்பாலும் செருகியதும் எடுத்துக்கொள்ளும், சில பழைய சின்ன லேசர்களுக்குத் தனியாக டிரைவர் தேட வேண்டியிருக்கும்.

இறக்க வேண்டிய மின்ட் கோப்பு 3 ஜிபி பக்கம். தினம் ஒன்றரை ஜிபி டேட்டாவில் இழுக்காதீர்கள். அடுத்த முறை சேலம் வரும்போது வைஃபை இருக்கிற வீட்டில் இறக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாமல் பாதி உறக்கத்தில் இருக்கும், லினக்ஸ் அந்த டிரைவைப் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. புதிதாக வருகிறவர்கள் பலர் இங்கேதான் கோப்பு சேமிக்க முடியவில்லை என்று விட்டுவிட்டுப் போகிறார்கள்.

கடைசியாக என் மனதில் பட்டது: உங்கள் மெதுவுக்குப் பாதிக் காரணம் விண்டோஸ் இல்லை, அந்த ஹார்டு டிஸ்க். அதற்குப் பதில் ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) மாற்றுங்கள். பழைய டிஸ்கை அப்படியே கழற்றி பீரோவில் வையுங்கள், அதுதான் உங்கள் திரும்பும் வழி, வேறு பேக்கப் வாங்கினாலும் வாங்காவிட்டாலும்.

கணக்குப்பிள்ளை (சூரமங்கலம்):

பறிப்பு நடுவில் இயங்குதளம் மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கூலி நாளில் ஏதாவது நின்றுபோனால் களத்தில் நிற்கிற ஆட்களுக்கு யார் பதில் சொல்வது? மைக்ரோசாஃப்ட் நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் ஒன்று கொடுக்கிறது, 2026 அக்டோபர் 13 வரை. விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் இருந்தால் செட்டிங்ஸில் பதிவு செய்துகொள்ளலாம். அதைப் போட்டுவிட்டுப் பறிப்பு முடியும்வரை இதிலேயே ஓட்டுங்கள்.

எக்ஸெல் விஷயம்: கூட்டல், விலுக்அப் எல்லாம் எக்ஸெலுக்கு ஈடான இலவச லிப்ரே ஆபீஸ் கால்கில் ஓடும். கலிப்ரிக்குப் பதில் கார்லிட்டோ எழுத்துரு வரும், அகலம் ஒன்றே என்பதால் கட்டங்கள் கலையாது. மேக்ரோ (தானாக வேலை செய்ய எழுதி வைத்த சின்ன நிரல்) இருந்தால்தான் சிக்கல், சிலது ஓடும் சிலது ஓடாது. லிப்ரே ஆபீஸுக்கு விண்டோஸ் பதிப்பும் உண்டு, இன்றே அதைப் போட்டு ஒரு பழைய மாதச் செக்ரோலைத் திறந்து கூட்டுத்தொகையைச் சரிபாருங்கள். டேலி என்ற கணக்கு மென்பொருளைப் பயன்படுத்தினால் மட்டும் விண்டோஸை விடாதீர்கள், லினக்ஸுக்கென்று டேலி இல்லை.

மலைக்காப்பி (ஏற்காடு):

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. டேலி எங்கள் ஆடிட்டரிடம்தான் இருக்கிறது, நான் எக்ஸெல் கோப்புதான் அனுப்புகிறேன், அதனால் அந்தக் கவலை இல்லை.

நேற்று ராத்திரி லிப்ரே ஆபீஸில் நவம்பர் செக்ரோலைத் திறந்தேன். தொகை ஒரு ரூபாய்கூட மாறவில்லை. ஒரு மேக்ரோ மட்டும் ஓடவில்லை, கூலிச் சீட்டு அச்சடிப்பது. எனக்கு முன்பு இருந்த கணக்கர் எழுதி வைத்தது, எனக்கு அதன் உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. அதை மெயில் மெர்ஜ் மாதிரி வேறு வழியில் செய்ய முடியுமா ஆசிரியர் தம்பி? முடிந்தால் நான் மாறுவது நிச்சயம். கணக்குப்பிள்ளை சார் சொன்ன அப்டேட்டுக்குப் பதிந்துவிட்டேன், பறிப்பு முடிகிறவரை விண்டோஸ்தான்.

அஸ்தம்பட்டி_ஆசிரியர்:

முடியும் அக்கா. செக்ரோல் தாளை லிப்ரே ஆபீஸ் பேஸ் மூலம் தரவு மூலமாகப் பதிந்துகொண்டு, லிப்ரே ஆபீஸில் கடிதம் அடிக்கிற ரைட்டரில் ஒரு கூலிச் சீட்டு வரைந்து, பெயர், நாள், தொகை கட்டங்களை இழுத்துப் போட்டால் ஆளுக்கு ஒன்றாக அச்சாகும். பெயர்கள் பாமினியில் இருந்தால் அச்சகத்து ஐயா சொன்னபடி முதலில் அந்தப் பத்தியை மட்டும் யூனிகோடாக்குங்கள், இல்லாவிட்டால் சீட்டில் அந்தக் கட்டத்துக்குப் பாமினி எழுத்துரு கொடுக்காதவரை ஆங்கில எழுத்தாக வரும். மாதிரிக் கோப்பு ஒன்று செய்து ஞாயிற்றுக்கிழமை இங்கே போடுகிறேன். மின்ட் ஏற்றிய பென் டிரைவும் என்னிடம் இருக்கிறது, சேலம் இறங்கும் நாளைச் சொல்லுங்கள், தருகிறேன்.