செய்திக்கு அடியில் உதவி எண்: குமரி மாவட்டத்தில் பார்த்தவை

நாகர்கோவில், செய்திப் பிரிவு:
செய்திக்கு அடியில் உதவி எண்ணை மட்டும் போட்டால் பாதி வேலைதான். எந்த நேரத்தில் எடுப்பார்கள், கூப்பிட்டால் என்ன கேட்பார்கள், அடுத்து யார் வருவார்கள் என்பதையும் எழுத வேண்டும். குழந்தைகளுக்கான 1098, பெண்களுக்கான 181 இரண்டும் 24 மணி நேரமும் உண்டு. முதியோருக்கான 14567 காலை 8 முதல் இரவு 8 வரைதான். நேரம் போடாமல் விட்டால், ராத்திரி கூப்பிட்டு ஏமாந்த பெரியவர் மறுபடி கூப்பிடமாட்டார். பழைய செய்தியில் இருந்து எண்ணை வெட்டி ஒட்டக் கூடாது. ஒவ்வொரு முறையும் சரிபார்த்துவிட்டே போடுங்கள்.

கொல்லங்கோடு:
இங்கே ஒரு சிக்கல் கூடுதல். எல்லையோரம் செல்போன் கேரள டவரைப் பிடித்துக்கொள்ளும். மூன்று, நான்கு இலக்க எண்கள் அந்தப் பக்கம் போய்விட வாய்ப்புண்டு. மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் 1077ஐ மாவட்டத்துக்கு வெளியிலிருந்து அழைக்கும்போது முன்னால் எஸ்.டி.டி. குறியீடு வேண்டும்: 04652-1077. கொச்சியில் தொழில் பார்க்கும் நம்ம ஆட்கள் நிறைய. அவர்களுக்காகவாவது இப்படியே முழுசா அச்சிடுங்கள்.

தூத்தூர் கடற்கரை:
2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, கடலில் காணாமல் போன மீனவர்கள் எத்தனை பேர் என்பதே பெரிய குழப்பமாகிவிட்டது. நம்ம ஊர்களில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். பெயரை மட்டும் எழுதினால் ஒருவர் இரண்டு தடவை பட்டியலில் ஏறுவார், இன்னொருவர் விடுபடுவார். பத்திரிகையும் உதவி மையமும் ஒரே படிவத்தை வைத்துக்கொள்ள வேண்டும்: பெயர், அப்பா பெயர், ஊர், படகின் பெயரும் பதிவு எண்ணும், கிளம்பிய நாள், கூட இருந்தவர்கள். எந்தத் துறைமுகத்திலிருந்து கிளம்பினார்கள் என்பதைத் தவறாமல் கேளுங்கள். தூத்தூர் ஆள் என்றால் தேங்காப்பட்டணத்திலிருந்துதான் போயிருப்பார் என்று நினைக்கக் கூடாது. கொச்சியாகவும் இருக்கலாம், அப்போது தேட வேண்டிய கடலே வேறு. புயல் எச்சரிக்கை வந்த பிறகு படிவம் தயாரிக்க நேரம் இருக்காது.

தக்கலை, உதவி எண் தரப்பு:
பத்திரிகையும் உதவி எண்ணும் சேர்ந்து செய்யும் வேலை முறிவது பெரும்பாலும் ஓரிடத்தில்தான். "பேட்டிக்கு ஒரு ஆள் கிடைக்குமா?" என்று நிருபர் கேட்பார். அழைத்தவரின் எண்ணை ஒருபோதும் கொடுக்கக் கூடாது. நிருபரின் எண்ணை அழைத்தவரிடம் கொடுக்கலாம்; விருப்பம் இருந்தால் அவரே பேசுவார். அதுவும் அவர் கேட்டு வந்த உதவி கிடைத்த பிறகு. முன்னால் கேட்டால், பேட்டி கொடுத்தால்தான் உதவி என்று நினைத்துக்கொள்வார். இதை எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் தொடங்கவே வேண்டாம்.
குழந்தை மீதான பாலியல் குற்றமென்றால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு இருக்கிறது: பெயர், முகவரி, பள்ளி, குடும்ப விவரம் எதுவும் வெளிவரக் கூடாது. சின்ன ஊரில் "ரப்பர் பால் வெட்டும் தொழிலாளியின் மகள், ஏழாம் வகுப்பு" என்றாலே வீடு தெரிந்துவிடும். வகுப்பையும் தொழிலையும் எடுத்துவிடுங்கள்.
பெயரில்லாமல் கொடுக்கக்கூடியது வாரக் கணக்கு: விதவை ஓய்வூதியம் நின்றதாக இத்தனை அழைப்பு, எந்த வட்டத்திலிருந்து என்று. கல்குளம் வட்டத்திலிருந்து மட்டும் திடீரென்று கூடினால் அது செய்தி. நிருபர் தாசில்தார் அலுவலகத்தில் காரணம் கேட்டு எழுதட்டும். அந்தப் பதில் எங்களுக்கும் வர வேண்டும், அடுத்து கூப்பிடுபவருக்குச் சொல்ல.

குலசேகரம்:
வானொலியில் 1098ஐச் சொல்வதானால் "பத்து தொண்ணூற்றெட்டு" வேண்டாம். "ஒன்று, பூஜ்யம், ஒன்பது, எட்டு" என்று நிறுத்தி இரண்டு முறை. கேட்பவர் கையில் பேனா இருக்காது.