3% ஆக்சிஜனில் சிடி34+ கல்ச்சரின் மொத்த செல்கள் பாதியாகக் குறைகின்றன. எங்கே தவறு?

கேள்வி (மஜ்ஜை_மாணவர்):
தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து பிரித்த சிடி34+ செல்கள் (மேற்பரப்பில் சிடி34 அடையாளப் புரதம் உள்ள ரத்த ஸ்டெம் செல்களும் முன்னோடி செல்களும்). சீரம் இல்லாத மீடியம் (வளர்ப்புத் திரவம்). வளர்ச்சிக் காரணிகளாக ஸ்டெம் செல் ஃபேக்டர், ஃப்ளிட்3 லிகண்ட், த்ராம்போபோயட்டின் தலா 100 நானோகிராம்/மி.லி. 24 குழி பிளேட், குழிக்கு 1 மி.லி. ஒரு பிளேட் சாதாரண இன்குபேட்டரில், மற்றது 3% ஆக்சிஜனில். இரண்டு நாளுக்கொருமுறை ஹூடில் (கிருமி புகாத திறந்த வேலைப் பெட்டியில்) வைத்துப் பாதி மீடியம் மாற்றுகிறேன். 7ஆம் நாள் 3% பிளேட்டில் மொத்த செல்கள் பாதிதான். ஆக்சிஜன் குறைந்தால் செல்லில் சேரும் ஹிஃப்-1 ஆல்ஃபா புரதத்தை வெஸ்டர்ன் சோதனையில் தேடினேன், பட்டையே வரவில்லை.

பதில் (குருத்தணு):
எண்ணிக்கை பாதியானதைத் தோல்வியாக எடுக்காதீர்கள். ஏழு நாளில் பெருகிக் குவிவது பெரும்பாலும் முன்னோடி செல்கள்தான். ஆக்சிஜன் குறைந்தால் பிரிதல் மெதுவாகும், மொத்தம் குறையும். பார்க்க வேண்டியது சிடி34+ சிடி90+ சிடி45ஆர்ஏ− செல்களின் எண்ணிக்கை, இந்த அடையாளங்கள் உள்ள பிரிவில்தான் ஸ்டெம் செல்கள் செறிந்திருக்கும். சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம், மொத்தத்தோடு பெருக்கிப் பாருங்கள். சிடி38 என்ற இன்னொரு அடையாளம் குறைவாக இருப்பதை நம்ப வேண்டாம்: ஸ்டெம் செல் அல்லாதவற்றிலும் அது கல்ச்சரில் குறைந்துவிடும். கடைசித் தீர்ப்பு எதிர்ப்புசக்தி இல்லாத எலியில்தான். படிப்படியாகக் குறைத்த செல் அளவுகளைச் செலுத்தி, 16 வாரம் கழித்து மனித செல்களைத் தேட வேண்டும்.

பதில் (வாயு_அளவு):
எனக்கு உறுத்துவது மீடியம் மாற்றும் முறை. ஹூடில் இருக்கும் மீடியம் காற்றின் ஆக்சிஜனோடு நிறைந்தது. பாலிஸ்டைரீன் பிளேட்டும் ஆக்சிஜனைத் தேக்கி வைத்து மெல்ல விடும். வெளியே எடுத்த ஒவ்வொரு முறையும் செல்கள் மணிக்கணக்கில் 3%க்கு மேலேயே இருந்திருக்கும். புது மீடியத்தை முந்தின இரவே அகலமான தட்டில் ஊற்றி 3% அறைக்குள் வைத்து, ஆக்சிஜன் குறைத்த கையுறைப் பெட்டிக்குள்ளேயே மாற்றுங்கள்.

குழிக்கு 1 மி.லி. என்றால் ஆழம் 5 மி.மீ.க்கு மேல். 0.5 மி.லி. போதும். ஆழம் பாதியானால் ஆக்சிஜன் ஊடுருவும் நேரம் கால் பங்காகும். செல்கள் நெருக்கமாகிவிட்டால், ஆழமான குழியின் அடியில் சாதாரண இன்குபேட்டர் பிளேட்டிலும் ஆக்சிஜன் இறங்கிவிடும், அப்புறம் ஒப்பீடே கெட்டுப்போகும்.

வெஸ்டர்ன் வெறுமையாக வந்ததும் வெளியே எடுத்ததால்தான். காற்று பட்ட சில நிமிடங்களில் ஹிஃப்-1 ஆல்ஃபா சிதைந்துவிடும், சென்ட்ரிஃபியூஜ் முடிவதற்குள் ஒன்றும் மிஞ்சாது. பெட்டிக்குள்ளேயே லைசிஸ் செய்யுங்கள் (செல்களை உடையுங்கள்). முடியாவிட்டால் ஹிஃப்-1 தூண்டும் பிடிகே1, விஇஜிஎஃப்ஏ மரபணுக்களின் ஆர்என்ஏவை அளவிடுங்கள். காற்றிலும் ஹிஃப்-1 ஆல்ஃபாவைச் சிதையாமல் நிறுத்தும் கோபால்ட் குளோரைடு கொடுத்த செல்களை ஒப்பீட்டுக்கு வையுங்கள். ஆக்சிஜன் குறைந்த செல்களை அடையாளம் காட்டும் பிமோனிடசோல் இங்கே உதவாது. அது ஆக்சிஜன் அழுத்தம் சுமார் 10 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே போனால்தான் பிடிக்கும். 3% என்பது சுமார் 21 மி.மீ.

கேள்வி (மஜ்ஜை_மாணவர்):
அப்படியானால் 1%க்கு இறங்கலாமா?

பதில் (குருத்தணு):
அவசரப்பட வேண்டாம். 2014இல் உயிருள்ள எலியின் மண்டையோட்டு மஜ்ஜையில் நேரடியாக அளந்தபோது, மிகக் குறைந்த இடத்தில் கிடைத்ததே சுமார் 10 மி.மீ. பாதரசம், அதாவது 1.3%. ஆகவே 3% மஜ்ஜையின் எல்லைக்குள்தான் இருக்கிறது. 1%இல் குளுக்கோஸ் வேகமாகத் தீர்ந்து லாக்டேட் ஏறும், மீடியம் மஞ்சளாகும்.

அதைவிடப் பிரித்தெடுக்கும் கட்டத்தைக் கவனியுங்கள். எலி மஜ்ஜையையும் தொப்புள்கொடி ரத்தத்தையும் காற்றுப் படாமல் 3%இலேயே சேகரித்துக் கையாண்டால் நீண்டகால ஸ்டெம் செல்கள் கூடுதலாகக் கிடைக்கின்றன என்று ரத்த ஸ்டெம் செல் ஆய்வாளர் ப்ராக்ஸ்மேயரின் குழு 2015இல் காட்டியது. காற்றில் பிரிக்க நேர்ந்தால் சைக்ளோஸ்போரின் ஏ என்ற மருந்து ஓரளவு காக்கும் என்பதும் அதே ஆய்வுதான்.

பதில் (வாயு_அளவு):
ஒன்று மறக்காதீர்கள்: ஆக்சிஜனைக் குறைக்க வைக்கும் நைட்ரஜன் சிலிண்டர் இருக்கும் அறையில் ஆக்சிஜன் அலாரம் கட்டாயம். கசிந்தால் மணமே தெரியாது.