கனெக்‌ஷன் பூல்: ‘இணைப்பிருப்பு’ சரிவருமா?

வணக்கம். எல்டாப் (பயனர் விவரங்களை வைத்திருக்கும் கோப்பகச் சேவையகத்தோடு பேசும் நெறிமுறை) கையேட்டுக்காக, திறந்த இணைப்புகளைச் சேர்த்து வைத்து மாறிமாறிப் பயன்படுத்தும் ‘கனெக்‌ஷன் பூல்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம்; வந்த கருத்துகளுக்கு என் பதில்கள் இவை.

> எல்டாப் கிளையன்ட் கையேட்டில் ‘இணைப்புக் குளம்’ என்றே போட்டுவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

‘குளத்தின் அளவு’ வரை சமாளித்துவிடலாம். ‘குளத்தில் இணைப்பு தீர்ந்துவிட்டது, காத்திருக்கவும்’ என்று ஒரு பிழைச்செய்தி எழுதிப் பாருங்கள், சிரிப்புதான் வரும். ‘தொகுப்பு’ ஏற்கெனவே பத்து வேலை பார்க்கிறது; பதினொன்றாவது வேண்டாம்.

என் பரிந்துரை ‘இணைப்பிருப்பு’. இருப்பிலிருந்து எடுக்கலாம், வேலை முடிந்ததும் இருப்பில் சேர்க்கலாம், இருப்பு தீரவும் செய்யும். வினைச்சொற்களைத் தனியாகத் தேட வேண்டியதில்லை.

> ‘உச்ச இருப்பு 20’ என்றால் சும்மா இருக்கும் இணைப்புகள் 20 என்றல்லவா படிப்பார்கள்? பயன்பாட்டில் இருப்பவையும் அந்த 20-க்குள் அடக்கம்.

நியாயமான கேள்வி ஐயா. ஜாவாவில் கோப்பகச் சேவைகளை அணுக உதவும் ஜேஎன்டிஐயிலும் உச்ச அளவில் இரண்டும் சேர்ந்துதான் வரும். (அதைக் குறிப்பிடாமல் விட்டால் வரம்பே கிடையாது என்பதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போட வேண்டும்.) அதனால் சும்மா இருப்பவற்றுக்குக் ‘கையிருப்பு’, எடுத்துக்கொண்டு போனவற்றுக்கு ‘வழங்கியவை’, இரண்டும் சேர்ந்து ‘மொத்த இருப்பு’. வரம்பு மொத்த இருப்புக்குத்தான். மைக்ரோசாஃப்டின் கோப்பகச் சேவையான ஆக்டிவ் டைரக்டரி, இயல்பு அமைப்பில், 900 நொடி பேச்சில்லாத இணைப்பைத் துண்டித்துவிடும். ‘கையிருப்பின் ஆயுள் 900 நொடிக்குக் குறைவாக இருக்கட்டும்’ என்று எழுதினால் குழப்பமில்லாமல் புரிகிறது அல்லவா?

எல்டாப்பில் இன்னொரு வம்பு உண்டு. யார் பெயரில் பைண்ட் செய்தோமோ (அதாவது, யாருடைய பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்நுழைந்தோமோ) அந்த அடையாளம் இணைப்போடு ஒட்டிக்கொள்ளும். ஒரு பயனரின் கடவுச்சொல்லைச் சரிபார்க்க ஓர் இணைப்பை எடுத்து, அவர் பெயரில் பைண்ட் செய்துவிட்டு, அப்படியே திருப்பி வைத்தால் என்ன ஆகும்? அடுத்து அதை எடுக்கும் நிரல் அவருடைய உரிமையில் தேடும். வர வேண்டிய பதிவுகள் வராது, அல்லது வரக்கூடாதவை வந்து நிற்கும். கடவுச்சொல் தவறாக இருந்தாலும் தப்பிக்க முடியாது: பைண்ட் தோற்றால் அந்த இணைப்பு அடையாளமில்லாத நிலைக்குப் போய்விடும், அடுத்த தேடல் காரணம் தெரியாமல் வெறுங்கையோடு திரும்பும். ஆகவே ‘தேடல் இருப்பு’, ‘சரிபார்ப்பு இருப்பு’ என்று இரண்டாகப் பிரித்து வைப்பதே பாதுகாப்பு. பெயரைப் பார்த்தாலே எதை எங்கே திருப்ப வேண்டும் என்று தெரியும்.

> கேஷுக்கு?

வாங்கிய பதில்களைத் தற்காலிகமாகச் சேமித்து வைக்கும் அந்த இடத்துக்குப் ‘பதுக்ககம்’ போதும், அதைக் கிளற வேண்டாம். ‘அப்படி ஒரு பயனரே இல்லை’ என்ற பதிலையும் சேமிக்கிறோமே, அதற்குத்தான் சொல் தேவை. ‘இன்மைப் பதிவு’ எப்படி? லினக்ஸில் பயனர் விவரங்களைச் சேவையகத்திடம் கேட்டுச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்எஸ்டியில், கிடைத்த பதிவுக்கு இயல்பான ஆயுள் 5400 நொடி, இன்மைப் பதிவுக்கு வெறும் 15 நொடி. புதிதாகச் சேர்த்த பயனரை ‘இல்லை’ என்று நெடுநேரம் திருப்பி அனுப்பக்கூடாது என்பதால் இந்த இடைவெளி. அதே நேரம் இதைச் சுழியாக்கினால், இல்லாத பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரே நிரல் சேவையகத்தைப் படாதபாடு படுத்திவிடும்.

அப்புறம், பைண்டுக்குப் ‘பிணைப்பு’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். ‘இணைப்பில் பிணைப்பு’ என்று ஒரே வரியில் வந்தால் ஓர் எழுத்துப் பிழை பொருளையே மாற்றிவிடும். வேறு சொல் கிடைக்கும்வரை ‘பைண்ட்’ என்றே விடுவோம்.